வீடு திரும்பிய புகை

ஊசிக்கல் மலையில் இப்படி நடந்ததா என்று சந்தேகப்படுகிறவர்கள் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம், காலையில் ஒரு பஸ்ஸும் சாயங்காலம் ஒரு பஸ்ஸும் இருக்கிறது, கம்பளி மட்டும் மறக்காமல் கொண்டுபோக வேண்டும். அங்கே தேயிலை எஸ்டேட்டில் வேலைக்காரர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான ஏழாம் லயத்தில், ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் காலையில், இருபத்துநாலு வீட்டு அடுப்பும் பற்றி, இருபத்துநாலு கூரையிலிருந்தும் புகை கிளம்பி, வழக்கம்போல மேலே போகாமல் கூரை உயரத்திலேயே நின்று, எந்தப் பக்கம் என்று கொஞ்ச நேரம் யோசித்து, பிறகு ஒவ்வொரு புகையும் தன் விறகு வெட்டப்பட்ட இடத்தைப் பார்த்துத் தரையோடு தரையாக நடக்கத் தொடங்கியது.

நல்லாயி அப்போது வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தாள். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன, நாற்பத்தாறு வயதான, வாய் கொஞ்சம் நீளமான பெண்பிள்ளை. அவள் வீட்டு அடுப்பில் அன்றைக்குப் பாதி எஸ்டேட் டிப்போவில் வாங்கிய விறகு, பாதி மிலாறு, அதாவது கவாத்து வெட்டும்போது கழித்துப் போடுகிற தேயிலைக் குச்சி. புகை குழாயடி வரைக்கும் ஒன்றாக வந்து அங்கே இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி தேயிலைக் காட்டுக்குள் இறங்கிச் செடிகளுக்கு மேல் படுத்துக்கொண்டது, இன்னொரு பாதி சரிவில் ஏறி ஊசிக்கல் பாறைப் பக்கமாகப் போயிற்று.

"ஏங்க, நம்ம பொகை ரெண்டாப் பிரிஞ்சு போகுதுங்க" என்றாள் உள்ளே பார்த்து.

கம்பளிக்குள்ளிருந்து அவள் புருஷன் கறுப்பையா பேசினான். எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலை காயவைக்கிற பெரிய அடுப்புக்கு முப்பது வருஷமாக ஃபயர்மேன். "போனாப் போகட்டும். தேத்தண்ணி ஆச்சா?"

முதல் நாள் எல்லோரும் பயந்தார்கள், இரண்டாம் நாள் பழகிவிட்டார்கள், மூன்றாம் நாள் அதை வைத்து வம்பு பேசத் தொடங்கிவிட்டார்கள். கங்காணி வீட்டுப் புகை நேராக மாரியம்மன் கோவிலுக்குப் போய்ச் சப்பரக் கொட்டகையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார, போன வருஷம் காணாமல் போன சப்பரக்கால் எங்கே போயிற்று என்ற கேள்விக்குக் கூட்டம் போடாமலே பதில் கிடைத்தது. பூசாரி அதைப் பார்த்துச் சத்தம் போட்டார், போட்ட சத்தம் அடங்குவதற்குள் அவர் வீட்டுப் புகை எல்லோர் கண்முன்னாலும் பாதையைக் கடந்து, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவுக்குப் போய், வேலி இருந்த இடத்தில் வரிசையாக, பிடுங்கின குச்சிக்கு ஒரு துண்டு என்று கணக்காக நின்றது. கோபித்துக்கொள்ள யாருக்கும் யோக்கியதை இல்லாததால் யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. சப்பரத்துக்குப் புதுக் கால் வந்தது, பிள்ளைக் காம்பராவுக்கு வேலி வந்தது.

அதற்கப்புறம் புகைக்கு என்று சில வழக்கங்கள் தானாக ஏற்பட்டன. பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தோடு அந்த வீட்டுப் புகை எங்கே போகிறது என்றும் பார்த்துவிட்டு வந்தார்கள், அடுப்புப் பற்றவைக்கிறவள் "இது எங்க போகும்?" என்று ஒருதரம் கேட்டுவிட்டுத்தான் குச்சியைக் கிழித்தாள், ரெண்டு மலை தள்ளிப் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டிருந்த பரிமளம், அம்மா வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு கட்டுச் சுள்ளி எடுத்து வந்து வைத்துக்கொண்டு, தினம் சாயங்காலம் உலை வைக்கும்போது அதில் ஒரே ஒரு குச்சியைச் சொருகுவாள், அந்த நூல் புகை இரண்டு பள்ளத்தைத் தாண்டிப் போய் அவள் அம்மா வாசலில் நிற்கும், அம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போவாள். ஒருநாள் குச்சி சொருக மறந்ததற்கு அம்மா போன் போட்டு "ஏன்டி, ஒடம்புக்கு என்னா?" என்று கேட்டாள். நாய்கள் மட்டும் எதற்கும் அசையாமல் வாசலில் படுத்திருந்த புகைக்குள்ளேயே சுருண்டு தூங்கின.

இப்படியே போயிருந்தால் இதை ஒரு விசேஷம் என்று சொல்லிவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் எல்லோர் வீட்டுப் புகையிலும் ஒரு பங்கு, டிப்போ விறகின் பங்கு, ஊசிக்கல்லுக்குக் கீழே இருக்கிற சோலைக்காட்டுக்குள்ளேயே போயிற்று. டிப்போவில் அடுக்கி இருப்பது கீழ்நாட்டுத் தோப்பில் வெட்டின கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ் என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லி வந்தார்கள். கற்பூர மரத்துப் புகைக்குச் சோலையில் என்ன வேலை என்று நல்லாயிக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிமளத்தையும் இன்னும் ஏழெட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு, தன் வீட்டுப் புகைக்குப் பின்னாலேயே நடந்தாள்.

சோலைக்குள்ளே வெளியிலிருந்து தெரியாத மாதிரி ஒரு பெரிய வழுக்கை இருந்தது. வெட்டின நாவல் மரத்துத் தூர்கள், எண்ண முடியாத அளவுக்கு, ஒவ்வொரு தூரிலும் ஒரு புகை, இழவு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தது. நடுவில் லயத்துக் குழாய்க்குத் தண்ணீர் வருகிற ஊற்று, இருந்த இடம் தெரியாமல் சுண்டிப்போய்க் கிடந்தது. அந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் விடக் கொழுத்த புகை ஒன்று அசைந்து அசைந்து வந்து, நல்ல அகலமான தூர்களாகப் பார்த்து இடம் பிடித்தது. அது எஸ்டேட் மேனேஜரான பெரிய தொரையின் பங்களாவில் உள்ள மூன்று கணப்படுப்புகளிலிருந்து வந்த புகை.

"மூணு வருசமாக் குழாயில தண்ணி இல்ல இல்லன்னு பெட்டிசன் எழுதினோமே" என்றாள் நல்லாயி. "நம்ம குடிதண்ணிய நாமளே அடுப்புல வச்சு எரிச்சிருக்கோம்டி."

"தெரியாமத்தானேக்கா எரிச்சோம்" என்றாள் பரிமளம்.

"இப்பத் தெரிஞ்சுபோச்சே."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாளிலிருந்து ஏழாம் லயத்தில் ஒருத்தரும் டிப்போ பக்கம் போகவில்லை.

இரண்டு நாளில் சின்னத் தொரை ஜீப்பில் வந்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷமாகாத உதவி மேனேஜர். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கையிலிருக்கிற காகிதத்தைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் உள்ளவன். மிலாறு எரிக்கிற புகை தேயிலைச் செடி மேல் போய்ப் படுப்பதால் கொழுந்தில் புகைவாடை ஏறி ஏலத்தில் தூள் விலை போகவில்லை, ஆகையால் இனிமேல் மிலாறு பொறுக்கக் கூடாது, விறகு வேண்டுமென்றால் டிப்போவில் வாங்கிக்கொள்ளலாம் என்று படித்தான்.

"டிப்போ விறகுப் பொகை சோலைக்குள்ள போகுது" என்றாள் நல்லாயி.

"புகைக்கு என்ன தெரியும்?" என்றான் அவன். "வேண்டாம்னா விடுங்க. மார்கழிப் பனியில அடுப்பில்லாம எத்தனை நாள் இருப்பீங்கன்னு பார்க்கலாம்."

நல்லாயிக்கு அந்த மார்கழியும் தையும் மற்றவர்களுக்கு வருகிற மாதிரி வரவில்லை. அவள் மகள் சுகந்தியை மேட்டுப்பாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தது, இப்போது அவள் ஏழு மாசம் முழுகாமல் இருந்தாள், தை கடைசியில் பிரசவம் என்று டாக்டர் நாள் சொல்லியிருந்தார். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது இவர்கள் யாரும் மாற்றாத வழக்கம், பிள்ளை பிறப்பது டவுன் ஆஸ்பத்திரியில் என்றாலும் பிறந்த பிள்ளையைக் கொண்டுவந்து வைப்பது இந்த வீட்டில்தான். இந்த வீடு என்பது ஒரு அறை. அதே அறையில் சுகந்திக்கு முன்னால் பிறந்த ஒரு ஆண் குழந்தையை நல்லாயி மார்கழிக் குளிருக்குப் பயந்து அடுப்போரமாகப் போட்டு வைத்தாள், குளிர் போயிற்று, புகை குழந்தையின் நெஞ்சில் இறங்கிற்று, இருமி இருமியே அது ஒரு மாசத்தில் போய்ச் சேர்ந்தது. அடுப்பை மூட்டினதும் அவள் கை, மூட்டாவிட்டால் பிள்ளை விறைத்துப்போயிருக்கும் என்பதும் நிஜம். இதில் எது தன் தப்பு என்று இருபத்தாறு வருஷமாக அவளுக்குப் பிடிபடவில்லை. பேரக்குழந்தைக்கு இந்த அறை வெதுவெதுப்பாகவும் இருக்க வேண்டும், புகையும் இருக்கக் கூடாது, அதற்குள் தை வந்துவிடும்.

லயத்துக்குப் பின்னால், ஒவ்வொரு வீட்டுக் கொல்லைச் சரிவிலும் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. முள்ளுக்குப் பயந்து ஆடுகூட வாய் வைக்காது. நல்லாயி அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நம் கொல்லை, நம் செடி, வெட்ட வெட்டத் துளிர்க்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றாள். இருபத்துநாலு வீடும் அதையே செய்தது, கையெல்லாம் கீறலோடு, சிரிப்பும் கேலியுமாக, இனிமேல் டிப்போக்காரன் தன் விறகைத் தானே கொறிக்கட்டும் என்று ஒரே சமயத்தில் அடுப்புப் பற்றவைத்தார்கள்.

அப்போதுதான் அவர்கள் தங்கள் தப்பைப் பார்த்தார்கள். புகை வெளியே போயிற்று, கூரை உயரத்தில் நின்று யோசித்தது, தன் செடி வெட்டப்பட்ட இடம் எது என்று பார்த்தது, அது சமையல்கட்டு ஜன்னலுக்கு நாலு அடி கீழே இருந்தது, ஆகவே அப்படியே திரும்பி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வேற்று ஊர் விறகு எரித்த காலத்தில் வேற்று ஊருக்குப் போன புகை, சொந்த விறகு எரித்ததும் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டது. கதவைத் திறந்து விரட்டினார்கள், முறத்தால் விசிறினார்கள், வாசல் வரை போய் மறுபடி வந்தது. ஏழாம் லயம் முழுக்க இருமிற்று.

நல்லாயியின் சம்பந்தி பங்கஜம் வளைகாப்புக்கு நாள் குறிக்க மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்ததும் அன்றைக்குத்தான். வெற்றிலைத் தட்டோடு வாசல்படியில் நின்றவள் உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. எம்மருமவளை இந்தப் பொகைக்குள்ள எப்படிங்க அனுப்பி வைக்கறது? முறையும் வேண்டா, ஒண்ணும் வேண்டா. எல்லாம் எங்கூட்டுலயே பாத்துக்கறனுங்க."

நல்லாயிக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பங்கஜம் சொன்னது நியாயம் என்பதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. "தை பொறக்கட்டும் சம்பந்தி" என்றாள் இருமலுக்கு நடுவில். "புள்ளையத் தூக்கிட்டு நீங்களே வாங்க. பொகை இருந்தா வாசலோட திரும்பிப் போங்க, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

எப்படி என்று அவளுக்கே தெரியாது.

கொல்லையில் வெட்டினால்தானே கொல்லைக்கு வருகிறது, எட்டாம் லயத்துப் பின்சரிவில் வெட்டலாமே என்று கங்காணி ஒரு யோசனை சொன்னார். சொன்னதோடு நிற்காமல் நாலு கட்டு வெட்டிக்கொண்டும் வந்தார். அவர் அடுப்புப் புகை எட்டாம் லயத்துக்குப் போய் ஒரு கைக்குழந்தைக்காரி வீட்டு ஜன்னலில் நுழைந்தது, அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து கங்காணியின் ஏழு தலைமுறையையும் இழுத்துவிட்டுப் போனாள். "அவ பேசினதுல என்னா தப்பு? அவ புள்ளைக்கும் மூக்கு இருக்குல்ல" என்றாள் நல்லாயி. அந்த யோசனை அதோடு முடிந்தது.

கார்த்திகை பாதியில் ஒருநாள் அவள் கொழுந்துக் கூடையோடு மேட்டில் நின்று எஸ்டேட் முழுவதையும் பார்த்தாள். பார்க்கிற இடமெல்லாம் புகை, தன் தன் இடத்தைத் தேடி ஊர்ந்துகொண்டிருந்தது. எது எந்த வீட்டுப் புகை, எது எங்கே போகிறது என்று இந்நேரத்துக்கு அவளால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். ஒன்றே ஒன்று மட்டும் குறைந்தது. மலையிலேயே பெரிய அடுப்பு, ஒரு நாளைக்கு ஒரு லாரி விறகு தின்கிற ஃபாக்டரி அடுப்பு. அதன் புகை எங்கே போகிறது என்று இத்தனை நாளும் யாரும் கேட்கவே இல்லை.

சாயங்காலம் கறுப்பையாவைக் கேட்டாள். அவன் இருமிக்கொண்டே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"அதுல ஏது பொகை?" என்றான்.

"என்னா?"

"பொகை வந்தா தூள்ல வாடை புடிச்சுருமே. வெறகை நல்லாக் காயப்போட்டு, சின்னதாப் பொளந்து, கொஞ்சங் கொஞ்சமாப் போடணும். பொகைன்னா என்னா, எரியாம தப்பிச்சு ஓடற வெறகுதான். அது ஓடற வழியில சுடக்காத்தக் குடுத்தா அதுவும் எரிஞ்சுரும். முப்பது வருசமா அதானே என் வேலை."

நல்லாயி எதிரே வந்து உட்கார்ந்தாள். கறுப்பையா டம்ளரைக் கீழே வைத்தான்.

"தொரையோட தேயிலைக்குப் பொகை ஆகாது" என்றாள். "எம்புள்ளைக்கு ஆகும். அப்படித்தானே?"

"எனக்குத் தோணலியே புள்ள" என்றான் கறுப்பையா. "வீட்டு அடுப்பு பொம்பளைங்க சமாச்சாரம்னு இருந்துட்டேன். சத்தியமாத் தோணல."

முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் படுத்து எழுந்தார்கள், ஒருத்தருக்குப் புகையில்லாத அடுப்பு தெரியும், ஒருத்தருக்குப் புகையால் போன பிள்ளையைத் தெரியும், இரண்டையும் யாரும் சேர்த்துவைத்துப் பார்க்கவில்லை. "எனக்கும் கேக்கத் தோணல" என்றாள் நல்லாயி. அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு எழுந்து அறையின் மூலையில் இருந்த பழைய அடுப்பைக் கடப்பாரையால் இடித்தாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் அவன் ஃபயர்மேன், அவள் தொரை. பிள்ளைக் காம்பராவில் இடிந்து கிடந்த பழைய சுவரின் சுட்ட செங்கல், எண்ணெய் டிரம் ஒன்று, அதற்குள் போகிற மாதிரி பக்கமெல்லாம் ஆணியால் துளை போட்ட பிஸ்கட் டின் ஒன்று, புற்றுமண்ணும் சாம்பலும் குழைத்த சாந்து. அடியில் விறகு எரியும். தப்பிக்கிற புகை மேலே ஏறும்போது சூடேறின துளைகள் வழியாகக் காற்று வந்து அதைப் பிடித்து எரிக்கும். அந்தச் சூடு நேராகக் கூரைக்கு ஓடிவிடாமல், சுவரோரமாக மண்ணால் கட்டின ஒரு படுக்கை மேடையின் வயிற்றுக்குள் குழாய் வழியாக வளைந்து வளைந்து போய், இருக்கிற சூட்டையெல்லாம் மேடைக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் வெளியேறும். ஃபாக்டரியில் தேயிலை படுக்கிற இடத்தில் இங்கே தாயும் பிள்ளையும் படுப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்றான் கறுப்பையா.

முதல் தடவை குழாய் நீளம் அதிகமாகிவிட்டது, புகை போகமாட்டேன் என்று அடுப்பு வாய் வழியாகவே தீயோடு திரும்பி வந்து இரண்டு பேர் புருவத்தையும் பொசுக்கியது. இரண்டாம் தடவை மேடை குறுக்கே வெடித்தது. மூன்றாம் தடவை எல்லாம் சரியாக இருந்தும் புகைந்தது, ஏனென்றால் உண்ணிக்குச்சி ஈரம். அதைத் தகரத்துக்கடியில் வெயில் படுகிற பக்கமாக அடுக்கிவிட்டு, ஒரு மாசம், முழுசாக ஒரு மாசம், மார்கழிப் பனி புல்லின்மேல் உப்புக் கொட்டின மாதிரி வெள்ளையாக விழுந்துகொண்டிருக்க, புருஷனும் பெண்டாட்டியும் அடுப்பில்லாமல் இருக்கிற கம்பளியையெல்லாம் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக் கிடந்தார்கள். சின்னத் தொரை டிப்போவிலிருந்து இரண்டு கட்டு விறகை இலவசமாகவே அனுப்பி வைத்தான். நல்லாயி அதை அப்படியே திருப்பி அனுப்பினாள், தூக்கி வந்தவனுக்கு மட்டும் பாவம் என்று பரிமளம் வீட்டில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாள்.

குச்சி காய்ந்தது. ஒடித்தால் சட்டென்று ஒடிந்தது. நாலாம் தடவை பற்றவைத்தார்கள். முதலில் ஒரு நூல் புகை எழுந்து, ஜன்னலுக்குக் கீழே இருந்த உண்ணித் தூரில் போய் உட்கார்ந்து, அப்புறம் துணைக்கு இன்னொன்று வராததால் தானும் கரைந்துபோயிற்று. அடுப்பு குறட்டை விடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் மண்மேடை வெதுவெதுத்தது. நல்லாயி அதன்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள், எழுப்பியும் எழுந்திருக்கவில்லை, கறுப்பையாவே அன்றைக்குச் சோறு வடித்தான்.

ஏழாம் லயத்துக்கு வேடிக்கை பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. வந்தார்கள், மேடையில் உட்கார்ந்து பார்த்தார்கள், மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள், போய்த் தங்கள் அடுப்பை இடித்தார்கள். கங்காணி டிரம்முக்கு அலைந்தார். பூசாரி மட்டும் புகையில்லாத வீட்டில் கொசு வரும் என்று பத்து நாள் வீம்பாக இருந்தார், பதினோராம் நாள் கறுப்பையாவிடம் சத்தமில்லாமல் வந்து சாந்துக்குச் சாம்பல் எத்தனை பங்கு என்று கேட்டுப்போனார். பரிமளம் புது அடுப்பு கட்டினாலும் பழையதை வாசலில் வைத்துக்கொண்டாள், அம்மாவுக்கு அனுப்புகிற ஒரு குச்சிக்காக. தை பாதியானபோது இருபத்துநாலு கூரையும் சும்மா இருந்தன, எட்டாம் லயத்திலிருந்து ஆட்கள் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார்கள், டிப்போ விறகில் காளான் பூத்தது.

சுகந்திக்கு டவுன் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாள் காலையில் ஆட்டோவில் கூட்டி வந்தார்கள். ஆட்டோ லயத்துக்குள் நுழைந்தபோது நல்லாயி வீட்டு வாசலில் சின்னத் தொரையும் கடப்பாரையோடு இரண்டு வாட்ச்மேன்களும் நின்றிருந்தார்கள். லயத்து வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம், அதில் அனுமதி இல்லாமல் கட்டின அடுப்பை இடிக்க வேண்டியது என்று அவன் கையில் நோட்டீஸ் இருந்தது. லயமே வாசலில் கூடிவிட்டது.

குழந்தையைத் துணிமூட்டையாகச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிய பங்கஜம் யாரையும் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் வாசல்படியில் நின்றாள். மூக்கை நீட்டி ஒருதரம் உறிஞ்சினாள், இன்னொருதரம் உறிஞ்சினாள். உள்ளே போய்ப் புறங்கையை மேடையில் வைத்துப் பார்த்தாள். நல்லாயி அந்தப் புறங்கையையே பார்த்தாள். கடப்பாரையைப் பற்றி அவள் அந்த நிமிஷம் நினைக்கவே இல்லை.

பங்கஜம் குழந்தையை மேடைமேல் கிடத்தினாள். சுற்றியிருந்த துணியில் ஒரு சுற்றைத் தளர்த்தினாள். பிறகு தானும் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இதையத்தான் இடிக்கோணுமுங்களா தம்பி?" என்றாள் வெளியே பார்த்து. "நான் எந்திரிச்சதுக்கப்புறம் இடிங்க. எனக்கு மூட்டுவலி, ஒக்காந்தா எந்திரிக்க நாளாகும்."

சுகந்தி குழந்தைக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டாள். வாட்ச்மேன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். விடிகாலையிலிருந்து பனியில் நின்றவர்கள். "உள்ள வாங்கண்ணே, சூட்டுல கையக் காட்டிட்டுப் போங்க" என்றான் கறுப்பையா. மூத்தவர் கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார், இளையவர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனார், இரண்டு பேரும் வெளியே வரவில்லை. வாசலில் சின்னத் தொரை மட்டும் காகிதத்தோடு நின்றான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

"இதுல என்ன எரிக்கறீங்க?" என்றான். "எங்க வெட்டினீங்க? எஸ்டேட் மரமா, காட்டு மரமா? புகையைக் காட்டுங்க, நான் பின்னாலயே போய்ப் பார்த்துக்கறேன்."

"பாருங்க" என்றாள் நல்லாயி.

அவன் கூரையைப் பார்த்தான். பக்கத்துக் கூரையைப் பார்த்தான். இருபத்துநாலு கூரையையும் ஒன்று விடாமல் பார்த்தான், எல்லாவற்றுக்கும் கீழே அடுப்பு எரிகிற சத்தம் கேட்டது, எதிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. இதற்கு முன்னால் அவன் இவ்வளவு நேரம் தலையை நிமிர்த்தி யாரும் பார்த்ததில்லை.

அப்போது பங்களா மேட்டிலிருந்து அது வந்தது. கண்ணுக்கெட்டின வரையில் தெரிந்த ஒரே புகை, மூன்று அடுப்புப் புகை, கொழுத்து, சாவகாசமாக, லயத்துக் கூரைகளை உரசிக்கொண்டு, எல்லோருடைய தலைக்கும் மேலே சோலைக்காட்டைப் பார்த்துப் போயிற்று. கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. சின்னத் தொரையும் பார்த்தான், அதை விட்டுவிட்டுப் பார்க்க வேறு புகை இல்லை.

"அதோ போகுது பாருங்க" என்றாள் நல்லாயி. "பின்னாலயே போங்க. அது எங்க உக்காருதோ அங்க ஒட்டுங்க உங்க நோட்டீசை."

உள்ளே குழந்தை சிணுங்கியது. சூடு வெளியே போகிறது என்று சொல்லி நல்லாயி கதவைச் சாத்தினாள்.